பூங்கொடியின் தூக்கம் போன வீடுகள்

ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு, ஆவாரம்பாளையத்தில் பம்பு கம்பெனி ஒன்றின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த பூங்கொடியின் தூக்கம் அவளை விட்டு எழுந்து, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போனது. எட்டு வீடு இருக்கிற அந்தக் காம்பவுண்டில் அன்றைக்கு இதைவிடப் பெரிய பேச்சு ஒன்று இருந்தது. மோட்டார் காயில் எரிந்து மூன்று நாளாக உப்புத் தண்ணி டேங்க்குக்கு ஏறவில்லை. அதனால் பூங்கொடியின் உயரத்தில், அவளைவிடக் கொஞ்சம் பருமனாக, வெளுத்த நைட்டியில், முடி கலைந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே நடந்துபோன அந்த உருவத்தைப் பார்த்த ரெண்டு மூணு பேரும், பூங்கொடிக்கு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல ஆகிவிட்டது என்று நினைத்தார்களே ஒழிய வேறு ஒன்றும் கேட்கவில்லை.

போகத்தான் செய்யும், பின்னே என்ன! ரெண்டு மாசமாக அவள் அதைத் திட்டாத திட்டா? பூங்கொடிக்கு வயது முப்பத்தைந்து. பதினோரு வருஷமாக ஸ்டோர்ஸில் நின்றுகொண்டே புஷ், சீல், இம்பெல்லர் என்று பம்பு பாகங்களை எடுத்துக் கொடுத்து, எடுத்துக் கொடுத்து, முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சைக் கயிறாகச் சுருண்டு கிடந்தது. தையோடு ஸ்டோர்ஸை மூடிவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றப் போகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கார்த்திகையில் ஒரு பரீட்சை வைப்பார்களாம், ப்ரோக்ராம் எழுதத் தெரிந்தவர்களில் இரண்டு பேர் மாடியில் சிஸ்டம் செக்ஷனுக்குப் போகலாமாம், மற்றவர்களுக்கு அசெம்பிளியாம். அசெம்பிளி என்றால் ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டு நட்டு முறுக்குவது. சிஸ்டம் செக்ஷனில் நாற்காலி உண்டு. சக்கரம் வைத்த, முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி. டீ கொடுக்கப் போனபோது ஒருநாள் அதை அவள் பார்த்துவிட்டு வந்தாள், அன்றையிலிருந்து அந்த நாற்காலி அவள் மனசில் சுற்றிக்கொண்டே இருந்தது. படிக்க ஆரம்பித்தது அதற்காகத்தான், அறிவு வளர வேண்டும் என்றெல்லாம் யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

படிப்பு என்றால் சும்மாவா? பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினாள். ஸ்கெட்ச் பேனாவில் ஆறு கலரில் டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டினாள், அதில் காலையில் ஒரு மணி, மாலையில் ரெண்டு மணி, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி நேரம் என்று போட்டாள், போட்ட ஒன்பது மணியில் ஒரு ஞாயிறும் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஓடவில்லை. ஆறு மணிக்கு வேலை விட்டு வந்து, முகம் கழுவி, மகளை டியூஷனுக்கு அனுப்பி, கால் டாக்ஸி ஓட்டுகிற புருஷனுக்குச் சோறு கட்டிக் கொடுத்து, லேப்டாப்பைத் திறந்தால் போதும், தூக்கம் வந்து மடியில் உட்காரும். வீடியோவில் வாத்தியார் பேசிக்கொண்டிருப்பார், இவள் தலை கீபோர்டில் கிடக்கும், திரையில் ஒரே எழுத்து இருபது பக்கத்துக்கு ஓடியிருக்கும். எழுந்து பார்த்தால் அழுகையாக வரும். அழுதாள் என்றே சொல்லலாம், யாருக்குத் தெரியப்போகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீடியோவைப் பட்டென்று மூடினாள். "இந்தச் சனியனுக்கு வேற வீடே கெடைக்கலியா, போய்த் தொலையேன் அக்கட்டால" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, யாருடைய உதவியும் இல்லாமல், சீல் ஐம்பதுக்குக் கீழே குறைந்தால் திரையில் எச்சரிக்கை காட்ட வேண்டும் என்கிற ஒரு சின்ன ப்ரோக்ராமைத் தன் கையால் அடிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் எர்ரர் வந்தது. அவள் நெற்றியைச் சுருக்கினாள். அப்போதுதான் தூக்கம் எழுந்து போனது.

போன இடம் சத்யப்பிரியாவின் வீடு. சத்யாவுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. பிறந்த நாளிலிருந்து அது சேர்ந்தாற்போல் அரை மணி தூங்கினதில்லை, சத்யாவும் தூங்கினதில்லை. அன்றைக்கு ஏழு பத்துக்கு யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து குழந்தை பக்கத்தில் படுத்தார்கள், குழந்தை விரலை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டது, சத்யாவும் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போய்விட்டாள். எட்டு மணிக்கு முழித்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்திருந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டே பூங்கொடி வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"ஏனுங்கக்கா, உங்க தூக்கம் எங்க வீட்டுக்கு வந்துருந்துச்சுங்க."

"அப்படியா? நான் பாட்டுக்குத் திட்டிட்டேன், கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சாட்டமிருக்குது."

"நாளைக்கும் திட்டுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஒரு வாரத்துக்குள் காம்பவுண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. தூக்கம் இல்லாதவர்கள் இத்தனை பேரா என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மூணாம் வீட்டு லேத் பட்டறைக்காரருக்குப் படுத்தால் காதுக்குள் இரும்பு சீவுகிற சத்தம் நிற்காது. ஐந்தாம் வீட்டு டெய்லரம்மாவுக்குத் தோள்வலி. வீட்டுக்காரம்மா சுந்தராம்பாளுக்கு எந்த வலியும் கிடையாது, யார் வீட்டில் எந்த லைட் எரிகிறது என்கிற கவலை மட்டும்தான், அதுவே போதுமானதாக இருந்தது. முதலில் சண்டை வந்தது. நேற்றும் உனக்குத்தானே, இன்றைக்கும் உனக்கா, குழந்தை இருந்தால் எல்லாம் உனக்கா என்று வாசலில் நின்று கத்தினார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா டேங்க் பக்கத்தில் தொங்கிய சிலேட்டுப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். நல்ல தண்ணி வருகிற நாளில் எந்த வீட்டுக்கு எத்தனை குடம், யாருக்குப் பிறகு யார் என்று முறை எழுதுகிற பலகை அது. இருபது வருஷமாக அந்தப் பலகையில் எழுதியதை யாரும் மீறினது கிடையாது, மீறினவர்கள் வீடு காலி செய்தார்கள். பலகையின் கீழ்ப்பாதியைத் துடைத்து, புதனுக்கு சத்யா, வியாழனுக்கு லேத் பட்டறை, வெள்ளிக்கு ஆறாம் வீட்டு நஞ்சப்பன் என்று வரிசையாக எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக யாரையும் கேட்காமல் தன் பெயரைப் போட்டுக்கொண்டு, மறுபடியும் ஆணியில் மாட்டினார். ஏழு நாள், ஏழு வீடு. சரியாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு பூங்கொடி படிக்காமல் இருக்க முடியுமா? ஏழு அடிக்கிறபோது முறைக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். "அம்மிணி, இன்னும் உக்காரலியா?" என்பார்கள். பாத்திரம் கிடக்கிறது என்றால் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள், மாவு ஆட்ட வேண்டும் என்றால் அரிசியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஏழிலிருந்து எட்டு வரை காம்பவுண்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது, சீரியல் சத்தம் வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. தூக்கமும் லேசுப்பட்டது இல்லை, அதற்குக் கண்டிப்பு அதிகம். அவள் வீடியோவை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நகராது, பக்கத்திலேயே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து தானும் பார்க்கும். வேறு எங்கோ இருக்கிற விடையை அப்படியே எடுத்து ஒட்டினால் வாசல்வரைக்கும் போய், திரும்பிப் பார்த்து, வந்து படுத்துக்கொள்ளும். கையால் அடித்து, எர்ரர் வாங்கி, அது ஏன் வந்தது என்று நோட்டில் தன் வார்த்தையில் எழுத ஆரம்பித்தால்தான் கிளம்பும். அதனால் முறைக்காரர்கள் ஜன்னலில் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். "வீடியோவா பாக்கறீங்க? அது எந்திரிக்கவே இல்லியே, சித்த கையால அடிங்கக்கா" என்று சத்யா இடுப்புக் குழந்தையோடு நின்று கெஞ்சுவாள். ஒருநாள் கரண்ட் போய் பாதி வரியில் விட்டுவிட்டு எழுந்தாள், மறுநாள் லேப்டாப்பைத் திறந்த நிமிஷமே அந்த மீதி வரியில் கை போய்விட, தூக்கம் ஏழு மணி ஒரு நிமிஷத்துக்கே கிளம்பிவிட்டது. பட்டறைக்காரருக்கு ஒன்பது நிமிஷம் லாபம். அதிலிருந்து, "நாளைக்கி எனக்கு முறை, பாதியில நிறுத்திட்டு எந்திரிங்க" என்று முந்தின நாளே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி நேரம் படிக்கிறேன் என்று அவள் சொன்னதற்கு வீட்டுக்காரம்மா, "ஒண்ணும் வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு மேல போனா உன்ற தூக்கம் என்னைய விடக் கொறட்டை விடுது" என்று சொல்லிவிட்டார். ஆறு கலர் டைம்டேபிளை யாரோ கிழித்துக் குழந்தைக்குக் கப்பல் செய்து கொடுத்தார்கள். சுவரில் ஏழு மணி மட்டும் மிஞ்சியது.

இப்படித்தான் பூங்கொடி ப்ரோக்ராம் எழுதப் படித்தாள். ஆடி போய் ஆவணி வந்தது, ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது, ஒரு நாள் தவறவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரு லூப் என்றால் மறுநாள் ரெண்டு லூப், நூறு பொருளைத் தேடுகிற ப்ரோக்ராம் ஒரு மாதத்தில் ஆயிரம் பொருளைத் தேடியது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், அவள் ஓய்ந்துபோனாள். எட்டு மணிக்குத் திரும்பி வருகிற தூக்கம் போனபோது இருந்த தூக்கமாக வராது. சலவையில் பலமுறை போட்ட துணியாக நைந்து, பால் வாடையோடும் இரும்பு வாடையோடும் வந்து படுக்கும், படுத்தால் இவளுக்கு இவளுடைய கனவு வராது. டெய்லரம்மாவின் கனவில் பாதி தைத்த ஜாக்கெட்டுகள் துரத்தும், வீட்டுக்காரம்மாவின் கனவில் எல்லா வீட்டிலும் லைட் எரியும். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. ஸ்டோர்ஸில் நின்றபடியே கண் சொருகும். காம்பவுண்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவர்கள் பார்க்கிறபோதெல்லாம் அவள் முழித்துக்கொண்டுதானே இருந்தாள்! சில நாள் அவளுக்கு எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நஞ்சப்பனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை நகராது. ஆறாம் வீட்டில் தனியாக இருந்தார், அதே பம்பு கம்பெனியில் கேட் செக்யூரிட்டி, ரிட்டயர் ஆக ஏழு மாதம் இருந்தது. பெண்சாதி கண்ணம்மாள் இறந்து மூன்று வருஷம், அந்த மூன்று வருஷமும் அவருக்குத் தூக்கம் என்பதே இல்லை. முதல் வெள்ளிக்கிழமை அவர் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, பாயை உதறிப் போட்டு, விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோல வாசலில் நின்றார். தூக்கம் வந்தது. ஒரு மணி நேரம் தூங்கினார். எட்டு மணிக்கு எழுந்தவர் காம்பவுண்டுக்கே கேட்கிற மாதிரி அழுதார், யாரும் போய்த் தேற்றவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டார்கள். மற்ற வீடுகளிலிருந்து தூக்கம் தானாகத்தான் திரும்பி வரும். நஞ்சப்பன் மட்டும் வெள்ளிக்கு வெள்ளி அதைக் கூடவே நடத்திக் கூட்டி வந்து, "கொண்டாந்து உட்டுட்டேன் அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமைக் கனவில் பூங்கொடிக்குக் கண்ணம்மாள் வருவாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "அந்த மனுசனைக் காப்பிக்குச் சக்கரை கொறச்சுப் போட்டுக்கச் சொல்லு" என்பாள். பூங்கொடி அதைப் போய்ச் சொன்னாள், நஞ்சப்பன் ஏன் எதற்கு என்று கேட்காமல் குறைத்துக்கொண்டார்.

பரீட்சை கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை என்று போட்டார்கள். காம்பவுண்டே விசேஷ நாளில் எழுந்து வாசல் தெளித்த மாதிரி பரபரத்தது. வீட்டுக்காரம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசினார், சத்யா தயிர் சோறு கட்டிக் கொடுத்தாள், பட்டறைக்காரர் தன் வியாழக்கிழமை முறையை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன் என்றுகூடச் சொன்னார். எல்லாம் யோசித்தார்கள், ஒன்றை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

பரீட்சை அறை கேட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடித் தடுப்புப் போட்ட அறை. பதினோரு பேர். பூங்கொடி உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்ததும், திறந்தால் எப்போதும் வருகிறாற்போலத் தூக்கம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "போ" என்றாள் மெதுவாக. அது போகவில்லை. கையால் அடித்தாள், எர்ரர் வாங்கினாள், நெற்றியைச் சுருக்கினாள். போகவில்லை. அது சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தது. மணி மூன்று பத்து. நாலு மாதமாக அதை ஏழு மணிக்கு எழுப்பி ஏழு மணிக்கு அனுப்பிப் பழக்கி வைத்திருந்தார்களே, அந்தப் பழக்கத்தை அது மீறவில்லை. ஏழுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அதோடு, நாலு மாதமாக ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் அவளிடமிருந்து போனதெல்லாம் சேர்ந்து அன்றைக்குத்தான் கனத்தது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அரை மணி நேரத்தில் நாலு வரி எழுதியிருந்தாள், நாற்காலி மாடிப்படி ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

கேட்டில் நின்றிருந்த நஞ்சப்பன் கண்ணாடி வழியாக அவள் தலை கவிழ்வதைப் பார்த்தார். பக்கத்தில் இருப்பது யார் என்றும் அவருக்குத் தெரிந்தது, எத்தனை வெள்ளிக்கிழமை கூட நடந்தவர் அவர். அவர் தலைக்கு மேலே ஒரு போர்டு தொங்கியது, பணி நேரத்தில் உறங்கினால் உடனடி நீக்கம் என்று. அதைத் தினமும் துடைத்து வைப்பவரே அவர்தான். போர்டைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். லாரி எதுவும் வரவில்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தார்.

"வா கண்ணு. நாந்தான். இங்க வந்து உக்காரு."

தூக்கத்துக்கு மற்றவர் குரல் கேட்டிருந்தால் வந்திருக்குமோ என்னவோ. நஞ்சப்பன் குரலுக்கு எழுந்தது, கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. மூன்று நாற்பதுக்கு நஞ்சப்பன் தூங்கினார். வாய் திறந்து, குறட்டை விட்டு, மூன்று வருஷத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினார். உள்ளே பூங்கொடிக்குக் கண்ணில் மூடிய திரை விலகியது, அவள் குனிந்த தலை நிமிராமல் ஐந்து மணி வரை எழுதினாள். வெளியே ரெண்டு லாரி வந்து ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தன. பர்சனல் ஆபீசர் தாமோதரன் இறங்கி வந்து, தட்டி எழுப்பாமல், செல்போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே நஞ்சப்பனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், விசாரணை புதன்கிழமை. மறுநாள் வெள்ளி, அவர் முறை. ஏழு மணிக்குத் தூக்கம் அவர் வாசலில் போய் நின்றபோது அவர் கதவைத் திறக்கவில்லை. பூங்கொடியே போய்த் தட்டினாள்.

"என்ற முறையை நேத்தே எடுத்துக்கிட்டேன் அம்மிணி" என்றார் உள்ளேயிருந்து. "ரெண்டு தடவ எடுத்தா மத்தவீகளுக்கு என்ன நாயம்?"

"அண்ணா, வேலை போயிருமேண்ணா."

"போனாப் போவுது. எப்படித் தூங்கினேன் தெரியுமா! நீ எதும் வாயத் தொறந்து கெடுத்துப்போடாதே. எழுதினியா நல்லா?"

"எழுதினேன்" என்றாள்.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் முடிவு ஒட்டினார்கள். பதினோரு பேரில் பூங்கொடி இரண்டாவது. நாற்காலி அவளுக்குத்தான். அதே போர்டில், அதே குண்டூசி வரிசையில், நஞ்சப்பனின் விசாரணைத் தாளும் இருந்தது. சுற்றி நின்றவர்கள் கை கொடுத்தார்கள், இனிப்பு எங்கே என்றார்கள். அவள் சிரித்தாள். காம்பவுண்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலையாக இருந்திருக்கும். ரெண்டு நாள் அவள் அந்த நாற்காலியை நினைத்தாள், காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு நினைத்தாள், நினைக்க நினைக்க அதில் வேறு ஒருவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை காலையில் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, எர்ரரை நோட்டில் எழுதுவாளே, அந்த மாதிரி நடந்ததைத் தன் வார்த்தையில் எழுதினாள்.

தாமோதரன் அதைச் சத்தமாகவே படித்தார். "ஐயா, சென்ற வியாழக்கிழமை மதியம் மூன்று நாற்பது முதல் ஐந்து மணி வரை கேட்டில் தூங்கியது செக்யூரிட்டி திரு. நஞ்சப்பன் அவர்களுடைய தூக்கம் அல்ல. அது என்னுடைய தூக்கம். அதற்கு நானே பொறுப்பு. இப்படிக்கு, பூங்கொடி, ஸ்டோர்ஸ்." படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன்னோடதுங்கறதுக்கு ஆதாரம்?"

"எங்க காம்பவுண்டுல யார வேணாலும் கேளுங்க சார். பலகையில முறையே எழுதி வெச்சிருக்குது."

"சரி, உன்னோடதுன்னே வெச்சுக்குவோம். அது கம்பெனிக்குள்ள எப்படி வந்துச்சு? கேட் பாஸ் வாங்கினியா?"

"இல்லீங்க சார்."

"ரிஜிஸ்டர்ல பதிவு?"

"பதிவு பண்றவருதானுங்களே தூங்கிட்டாரு."

தாமோதரன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அரை மணி நேரம் புரட்டினார். கடைசியில், பாஸ் இல்லாமல் வெளியாளை உள்ளே அழைத்து வந்த வகையில் மெமோ பூங்கொடி பெயரில்தான் கொடுக்க முடியும், மெமோ வாங்கியவர்களுக்கு ஒரு வருஷத்துக்குப் பதவி மாற்றம் கிடையாது, சிஸ்டம் செக்ஷன் மூன்றாவதாக வந்தவருக்குப் போகும், நீ தை வரைக்கும் காத்திருக்காமல் நாளைக்கே அசெம்பிளிக்குப் போக வேண்டும், யோசித்துக்கொள் என்றார். பூங்கொடி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். விசாரணைக்கு வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நஞ்சப்பன் நாளையிலிருந்து கேட்டுக்கு வரலாம் என்று இன்னொரு தாளில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் தாமோதரன் கேட்டார்.

"உங்க காம்பவுண்டுல வீடு எதாச்சும் காலியா இருக்குதா?"

"இல்லீங்க சார்."

"இருந்தாச் சொல்லு."

அன்றைக்கு ஆறு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது கால் ரெண்டும் சொன்னபடி கேட்கவில்லை. இனிமேல் எதற்குப் படிப்பது, யாருக்குப் படிப்பது என்று இருந்தது. அடுத்த கார்த்திகைக்கு மறுபடியும் பரீட்சை உண்டு, உண்டுதான், ஆனால் ஒரு வருஷம் நிற்கப் போகிறவளுக்கு அடுத்த கார்த்திகை எவ்வளவு தூரம்! இன்றைக்கு என்னால் உட்கார முடியாது என்று முறைக்காரர்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் டேங்க் பக்கம் போனாள். புதன் என்றால் சத்யா. பலகையைப் பார்த்தாள். புதனுக்கு நேராக இருந்த பெயரை ஈரத் துணியால் அழித்திருந்தார்கள், ஈரம் இன்னும் காயவில்லை. அதன்மேல் சாக்பீஸில் கோணல்மாணலாக, கேட் ரிஜிஸ்டரில் எழுதிப் பழகிய நஞ்சப்பனின் எழுத்தில், பூங்கொடி என்று இருந்தது.

நாலு மாதத்தில் அந்தப் பலகையின் கீழ்ப்பாதியில் அவள் பெயர் ஒரு நாளும் இருந்ததில்லை. யாருக்கும் தோன்றினதில்லை, அவளுக்கே தோன்றினதில்லை.

சத்யா அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். "இன்னைக்கு உங்க முறைங்கக்கா. போங்க, போய்ப் படுங்க. இவனை நான் ரோட்டுப் பக்கம் கொண்டுட்டுப் போயிர்றேன்."

"உனக்குத் தூக்கம் வேண்டாமா சத்யா?"

"வேணும்தானுங்க. ஆனா முறைன்னா முறைதானுங்களே."

ஏழு மணிக்கு அவள் பாயைப் போட்டுப் படுத்தாள். தூக்கம் எழுந்து, பழக்கப்படி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, விருந்தாளியாக உள்ளே வந்து அவள் பக்கத்தில் படுத்தது. எட்டு வீட்டிலும் குக்கர் ஏற்றவில்லை, டிவி போடவில்லை. டியூஷன் விட்டு வந்த மகளை வீட்டுக்காரம்மா தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். நஞ்சப்பன் யூனிபாரமும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவள் வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார், அவரைத் தாண்டி ஒரு ஈ உள்ளே போகவில்லை. எட்டு மணி ஆனது, யாரும் எழுப்பவில்லை. காலை ஆறு மணி வரை தூங்கினாள். கனவில் ஜாக்கெட்டுகள் இல்லை, லைட்டுகள் இல்லை, கண்ணம்மாளும் இல்லை. எப்போதோ சின்ன வயதில் அவள் ஓட்டிப் பழகிய சைக்கிள் ஒன்று வந்தது.

அதற்குப் பிறகு எட்டு வீட்டுக்கும் எட்டு முறை வேண்டும் என்று பேச்சு வந்து, ஏழு நாள்தானே இருக்கிறது என்று குழப்பம் வந்து, கடைசியில் வீட்டுக்காரம்மா பெரிய மனசு பண்ணி, மாதத்தில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமையைப் பூங்கொடிக்கு விட்டுக்கொடுத்தார். ரெண்டுதான், அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அந்தப் புதனுக்கு மறுநாள் வியாழன், பட்டறைக்காரர் முறை. அசெம்பிளியில் முதல் நாள் ஒன்பது மணி நேரம் நட்டு முறுக்கிவிட்டு வந்த பூங்கொடி ஏழு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தாள். விசாரணைக்கு முந்தின நாள் பாதியில் நிறுத்திய வரி அப்படியே இருந்தது. தூக்கம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, அவள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மீதி வரியை அடிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு முழுவதும் அவள் உட்கார்ந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.